தொழிலாளிக்கென்று செய்த தட்டு

1917ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். உலகப்போரில் ஸ்வீடன் சேரவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அங்கே ரொட்டிக்குக் கூப்பன். வசந்தத்தில் ஊர் ஊராகப் பசிக் கலவரம். அந்த நிலைமையில் ஸ்டாக்ஹோமின் லில்யேவால்க்ஸ் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். அங்கே காட்சிக்கு வைத்தது ஓவியங்களை அல்ல, இருபதுக்கும் மேற்பட்ட மாதிரி வீட்டறைகளை. அன்றைய ஸ்டாக்ஹோம் தொழிலாளியின் வீடு என்றால் ஓர் அறை, ஓர் அடுப்படி, அதற்குள் மொத்தக் குடும்பம். அவ்வளவு சின்ன இடத்தில், அந்தக் கூலிக்குக் கட்டுப்படியாகிற சாமான்களை வைத்தே கண்ணுக்கு இதமாக வாழலாம் என்று காட்டுவதுதான் நோக்கம். குன்னார் அஸ்ப்லுண்ட் என்ற இளம் கட்டடக் கலைஞர் அமைத்த ஓர் அறை, சமையலும் புழக்கமும் ஒன்றாக நடக்கிற மாதிரியான அறை, அதிகம் பேசப்பட்டது.

அந்தக் கண்காட்சிக்காக குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலை ஒரு தட்டு செட்டைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் வில்ஹெல்ம் கோகெ. அதுவரை விளம்பரச் சுவரொட்டி வரைந்துகொண்டிருந்தவர். வெள்ளைத் தட்டில் நீல நிறப் பூவேலை. பெயர் ‘நீல லில்லி’. ஆனால் எல்லோரும் அதைத் ‘தொழிலாளர் செட்’ என்றே சொன்னார்கள். விலையும் அதற்கேற்ப மலிவு.

தொழிலாளர்கள் அதை வாங்கவில்லை. வாங்கியவர்கள் படித்த, ரசனையுள்ள நடுத்தர வர்க்கத்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வியர்வை சிந்திச் சேர்த்த காசில் வாழ்நாளில் ஒரு செட் வாங்குகிறவருக்கு, அது பெரிய வீட்டு அலமாரியில் பார்த்த மாதிரி இருக்கவேண்டும் என்றுதான் ஆசை வரும். ‘எளிமை’ என்பது எளிமையில் வாழாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் இனிக்கிறது. ஸ்காண்டினேவிய நவீன வடிவமைப்பின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த 1917 செட் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கும். நாற்காலியாக, விளக்காக, முக்காலியாக.

வெள்ளைச் சுவர், வெளிர் மரம், ஜன்னலோரம் ஒரு செடி என்று அழகிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது கணக்கில் தொடங்கிய கதை. வீட்டில் எத்தனை அடி இடம், அலமாரியில் எத்தனை சட்டை, குளிர்காலத்தில் எத்தனை மணி நேரம் வெளிச்சம்? அழகு பிறகு வந்து சேர்ந்தது.

அளவுகோல் எடுத்தவர்கள்

விதை போட்டவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் எலன் கேய். ஸ்வீடனைச் சேர்ந்த ஆசிரியர், எழுத்தாளர். அழகு எல்லோருக்கும் உரியது, உபயோகத்துக்கு ஒத்துவராத பொருள் அழகாகவும் இருக்காது என்று 1899இல் வந்த தன் கட்டுரைகளில் வாதாடினார். இருபது ஆண்டு கழித்து, 1919இல், கலை வரலாற்று அறிஞர் கிரேகோர் பௌல்சன் அதே எண்ணத்தை ஆலை முதலாளிகளின் காதில் விழும்படி ஒரு கோஷமாக்கினார்: அன்றாடப் பொருள் இன்னும் அழகாகட்டும். ஓவியர்களை ஆலைக்குள் அனுப்புங்கள், அவர்கள் வரைவதை ஆயிரக்கணக்கில் அச்சு வார்த்தாற்போலச் செய்து விற்றுவிடுங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி.

டென்மார்க் வேறு பாதையில் போனது. அங்கே பெரிய ஆலைகள் குறைவு, பட்டறைகள் அதிகம். தொழில்மயமாவதில் பிந்தியதால் தச்சர் சங்கமும், அதன் தொழில்பழகுநர் முறையும் அழியாமல் இருந்தன. கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் 1924இல் தளபாட வடிவமைப்புக்கெனத் தனிப் பள்ளி தொடங்கிய கோரெ கிளிண்ட், மாணவர் கையில் பென்சிலுக்கு முன்னால் அளவுகோலைக் கொடுத்தார். பழையதை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கு என்று ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய நாற்காலியைக் கொண்டுவந்து வைத்து, அதன் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரையச் சொன்னார். நல்ல நாற்காலியை யாரோ ஒருவர் ஏற்கெனவே செய்திருக்கிறார், நம் வேலை அதைத் திருத்துவதுதான் என்பது அவர் கட்சி.

மனித உடம்பையும் அளந்தார். வீட்டுச் சாமானையும் அளந்தார். மடித்த சட்டை எவ்வளவு அகலம், ஒரு தட்டு அடுக்கு எவ்வளவு உயரம், கரண்டிக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்த்து, அதிலிருந்து அலமாரியின் இழுப்பறை அளவை முடிவுசெய்தார். பொருள் உள்ளே இருக்கிறது, பெட்டி வெளியே இருக்கிறது. பெட்டியை முதலில் செய்துவிட்டுப் பொருளைத் திணிப்பானேன் என்கிற சாதாரண அறிவுதான். ஆனால் அதுவரை பெரும்பாலும் யாரும் அப்படிச் செய்யவில்லை. அவருடைய மாணவர் பொர்கெ மோகன்சன் இந்தப் பழக்கத்தை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1950களில் கிரேதெ மேயருடன் சேர்ந்து சுவர் அலமாரி அமைப்பு ஒன்றை வடிவமைத்தபோது, ஒரு சராசரி டேனிஷ் வீட்டில் எத்தனை சட்டை, எத்தனை படுக்கை விரிப்பு, எத்தனை கரண்டி இருக்கும் என்று எண்ணிவிட்டுத்தான் வரையவே உட்கார்ந்தார்கள்.

விளக்கின் கதையும் இதேதான். டிசம்பரில் கோபன்ஹேகனில் பகல் வெறும் ஏழு மணி நேரம். மீதி நேரமெல்லாம் விளக்கடியில்தான் வாழ்க்கை. மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய மஞ்சளில் வளர்ந்த பௌல் ஹென்னிங்சனுக்கு, புதிதாக வந்த மின்விளக்கு கண்ணைக் குத்தியது. எங்கிருந்து பார்த்தாலும் பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது, ஆனால் வெளிச்சம் மேசையில் சரியாக விழவேண்டும். மடக்கைச் சுருள் என்ற கணித வளைவை எடுத்து, அதன்படி மூன்று மூடிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். 1920களின் நடுவில் வந்த அந்த விளக்கை லூயிஸ் பௌல்சன் நிறுவனம் இன்றுவரை செய்துவருகிறது. ஹென்னிங்சன் இடதுசாரிப் பத்திரிகையாளர், நையாண்டி எழுதுகிறவர்; ‘கலைநயம்’ என்று பேசுகிறவர்களை நார்நாராகக் கிழிப்பவர். அவர் விளக்கு இன்று எந்தெந்த வீட்டில் தொங்குகிறது என்று அவருக்குக் காட்டினால் நல்ல கட்டுரை ஒன்று கிடைத்திருக்கும்.

படுத்திருப்பவரின் பார்வை

இந்த அளவெடுக்கும் குணம் உச்சத்தைத் தொட்டது என் கணிப்பில் ஒரு காசநோய் மருத்துவமனையில்தான். பின்லாந்தின் தென்மேற்கில், பைன் காட்டுக்கு நடுவே, பைமியோ. 1929இல் போட்டியில் வென்று அல்வார் ஆல்டோ வடிவமைத்தார்; 1933இல் கட்டி முடிந்தது. அவருடைய மனைவி ஐனோ ஆல்டோவும் கட்டடக் கலைஞர். உள்ளலங்காரத்தில் அவர் பங்கு பெரிது, அவர் பெயர் நெடுங்காலம் சிறிதாகத்தான் அச்சாயிற்று.

காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. வெயில், காற்று, ஓய்வு, அவ்வளவுதான் சிகிச்சை. நோயாளி மாதக்கணக்கில் படுத்தே கிடப்பார். கட்டடத்தை நிற்பவரின் கண்ணிலிருந்து யோசிப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஆல்டோ படுத்திருப்பவரின் கண்ணிலிருந்து யோசித்தார். படுத்தவருக்கு அறை என்பது கூரையின் அடிப்பக்கம்தான். ஆகவே அதற்கு வெள்ளையடித்துக் கண்கூச வைக்காமல் கருமை கலந்த, அமைதியான நிறம் பூசினார்கள். விளக்கைப் பார்வைக்கு நேரே வராத இடத்தில் வைத்தார்கள். வெப்பம் தலையில் அடிக்காமல் கால்பக்கம் போகுமாறு செய்தார்கள். ஓர் அறையில் இரண்டு நோயாளிகள். ஒருவர் கைகழுவும் சத்தத்தில் இன்னொருவர் விழிக்கக்கூடாதென்று, தண்ணீர் சாய்வாக விழுந்து ஓசையில்லாமல் வழிகிற மாதிரிக் கழுவுதொட்டியை வளைத்தார்கள். கதவுக் கைப்பிடிகூட மருத்துவரின் அங்கிக்கை மாட்டிக்கொள்ளாதபடி வளைந்திருக்கும்.

ஓய்வறைக்கு ஒரு நாற்காலி வேண்டும். இரும்புக் குழாய் நாற்காலிதான் அன்றைய நவீனத்தின் அடையாளம். ஆல்டோவும் செய்து பார்த்தவர்தான். ஆனால் பின்லாந்துக் குளிரில் இரும்பு உடம்பில் பட்டால் சில்லிடும், வெளிச்சத்தில் மினுங்கும், தட்டினால் ஒலிக்கும். நோயாளிக்கு மூன்றும் ஆகாது. நாட்டில் எங்கு பார்த்தாலும் நிற்கிற பிர்ச் மரத்துக்குத் திரும்பினார். துர்கு நகரின் நாற்காலி உற்பத்தியாளர் ஓட்டோ கோர்ஹோனெனின் பட்டறையில் இருவரும் வருடக்கணக்கில் மரத்தை வளைத்துப் பார்த்தார்கள், உடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் கிடைத்தது பைமியோ நாற்காலி. ஒரே பிளைவுட் தகடு மேலும் கீழும் சுருண்டு இருக்கையாகவும் முதுகுச் சாய்வாகவும் ஆகிறது. இரு பக்கமும் வளையமாக மூடிய பிர்ச் சட்டம் அதைத் தாங்குகிறது. மெத்தை இல்லை, ஆகவே தூசியும் கிருமியும் ஒட்ட இடமில்லை, துடைத்தால் போதும். முதுகுச் சாய்வின் கோணம் நோயாளியின் மூச்சு சீராகப் போவதற்கென்று வைத்தது.

அதே பட்டறையில் அடுத்து வந்தது ஒரு கால். நாற்காலியின் கால்தான். பிர்ச் கட்டையின் ஒரு முனையில் மட்டும் வரிவரியாக ரம்பத்தால் கீறி, கீறலுக்குள் பசை தடவிய மெல்லிய மரச்சீவலைச் செருகி வளைத்தால், அந்த முனை செங்கோணத்தில் மடங்கி அப்படியே நின்றுவிடும். கீழே கட்டித்தனம், மேலே வளைவு. 1933இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். இப்படிப்பட்ட மூன்று கால்களை ஒரு வட்டப் பலகைக்கு அடியில் திருகாணியால் முடுக்கினால் முக்காலி தயார். பொளியும் வேண்டாம், குறுக்குச் சட்டமும் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுருள்போலத் திரும்பிக்கொண்டே மேலே போகும். இதை விற்பதற்காகவே 1935இல் ஆல்டோ தம்பதியும் மைரே குல்லிக்ஸனும் நில்ஸ்-குஸ்தாவ் ஹாலும் சேர்ந்து ஆர்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நூலகம், பள்ளிக்கூடம், பாலர் பள்ளி என்று இந்த முக்காலி போய் உட்காராத இடமில்லை.

நாடே ஒரு வீடு

ஸ்வீடனுக்குத் திரும்புவோம். 1930 மே மாதம் ஸ்டாக்ஹோம் நீர்க்கரையில் ஒரு பெரிய கண்காட்சி. தலைமைக் கட்டடக் கலைஞர் அதே அஸ்ப்லுண்ட், ஆனால் இப்போது ஆளே மாறியிருந்தார்: கண்ணாடி, எஃகு, தட்டையான கூரை, கொடிகள், மின்விளக்கு எழுத்துகள். பின்னால் நின்று நடத்தியவர் கிரேகோர் பௌல்சன். அறுபது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் நுழைவுகள் நாற்பது லட்சத்தை நெருங்கின. இந்தப் புதுப் பாணிக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஃபுங்கிஸ்’. கேலியும் செல்லமும் கலந்த பெயர். மரவேலை மேதை கார்ல் மால்ம்ஸ்டென் கடுமையாக எதிர்த்தார். மனிதர் வாழ்வதற்கு வீடு கேட்டால் இவர்கள் இயந்திரம் தருகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். மறுவருடமே அஸ்ப்லுண்டும் பௌல்சனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதன் தலைப்பு ஒரே சொல்: ஏற்றுக்கொள். கண்ணெதிரே இருக்கிற காலத்தை ஏற்றுக்கொண்டால்தான் அதை மாற்ற முடியும் என்றது அது.

இந்த வாதம் தளபாடக் கடையோடு முடியாததற்குக் காரணம் அரசியல். நாடு ஒரு நல்ல குடும்பத்தின் வீடு மாதிரி இருக்கவேண்டும், அங்கே செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்ற கருத்தை சோஷியல் டெமாக்ரட் தலைவர் பேர் ஆல்பின் ஹான்சன் 1928இல் நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். 1932இல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்து, 1976 வரை அநேகமாக இடைவிடாமல் ஆண்டது. வடிவமைப்பு அரசாங்க வேலையாயிற்று. 1944இல் பெண்கள் அமைப்புகளின் முயற்சியில் வீட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று பிறந்தது. பாத்திரம் கழுவும்போது முதுகு எவ்வளவு வளைகிறது, அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு நாளில் எத்தனை நடை என்று எண்ணி, அதிலிருந்து சமையலறை மேடையின் உயரத்துக்கும் அலமாரியின் ஆழத்துக்கும் தேசிய அளவுகள் வகுத்தார்கள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எது நல்ல வீடு என்று நிபுணர் முடிவுசெய்வார், குடியிருப்பவர் கற்றுக்கொள்ளவேண்டும் என்கிற தொனி அந்தக் கால வெளியீடுகளில் கேட்கும். அந்தத் தொனிக்கு மருந்து போல இருந்தவர் யோசப் ஃப்ராங்க். 1933இல் வியன்னாவிலிருந்து வந்த யூதர். ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்காக அடர்த்தியான பூக்களும் பறவைகளும் நிறைந்த துணிகளை வரைந்து, வீடு என்றால் கொஞ்சம் தற்செயலும் வேண்டும் என்று வாதாடினார்.

நார்வே இந்தக் கதையில் ஓரமாகத்தான் நிற்கிறது. அதைக் கடந்து டென்மார்க்கின் 1949க்குப் போகலாம்.

நாற்காலி கப்பலேறுகிறது

இயந்திரத் தளபாடம் வந்து பிழைப்பு போய்விடுமோ என்ற பயத்தில் கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்திவந்தது. ஒரு பட்டறைக்காரரும் ஒரு வடிவமைப்பாளரும் ஜோடி சேர்ந்து புதுச் சாமான் காட்டவேண்டும். 1949இல் யொஹான்னெஸ் ஹான்சன் பட்டறையோடு சேர்ந்து ஹான்ஸ் வெக்னர் கொண்டுவந்தது ஒரு வட்ட நாற்காலி. செருப்புத் தைப்பவரின் மகன் வெக்னர். சிறுவயதிலேயே தச்சுப்பட்டறைக்குப் போனவர்.

அந்த நாற்காலியின் கைப்பிடியும் முதுகும் ஒரே வளைவாகத் தெரியும். உண்மையில் அது மூன்று துண்டு மரம். சேர்கிற இடம் கண்ணுக்கு உறுத்தியதால் முதல் நாற்காலியில் வெக்னர் முதுகுப்பகுதியைப் பிரம்பால் சுற்றி மூடிவிட்டார். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது போலும். அடுத்த வருடம் பிரம்பை அவிழ்த்துவிட்டு, இரு கைவிரல்களைக் கோத்தாற்போல மரத்தோடு மரம் பல் பதித்துச் சேர்த்து, அந்த இணைப்பைப் பட்டவர்த்தனமாக வெளியே காட்டினார். மறைக்க வேண்டியிருந்த இடமே நாற்காலியின் அழகாயிற்று. டேனிஷ் தச்சுவேலையின் நேர்மை என்று பிற்பாடு புகழப்பட்டதற்கெல்லாம் இந்த ஓர் இணைப்பு போதும் எடுத்துக்காட்டு.

1950இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை உலகின் மிக அழகான நாற்காலி என்று எழுதியது. 1960 செப்டம்பர் 26, சிகாகோவில் கென்னடிக்கும் நிக்ஸனுக்கும் நடந்த முதல் தொலைக்காட்சி விவாதத்தில் இருவரும் உட்கார்ந்தது இதில்தான். அமெரிக்காவுக்கு இது பிடித்துப்போனதில் அரசியலும் உண்டு. போர் முடிந்து புறநகர்களில் லட்சக்கணக்கில் வீடு எழும்பிய நேரம். இரும்பும் கண்ணாடியுமான பௌஹவுஸ் வழி நவீனத்தை அங்கே சில பத்திரிகைகள் கிட்டத்தட்ட தேசத்துரோகமாகவே சித்திரித்தன. மரத்தால் ஆன, கைபட்ட, ஜனநாயக நாடுகளிலிருந்து வருகிற நவீனம் என்பது வசதியான மாற்று. டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நான்கும் சேர்ந்து 1954 முதல் 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராக ஒரு பொதுக் கண்காட்சி நடத்தின. ‘ஸ்காண்டினேவிய வடிவமைப்பு’ என்று நாம் சொல்வது அப்போது கெட்டிப்பட்ட பெயர். சரியாகச் சொன்னால் பின்லாந்து ஸ்காண்டினேவியாவே அல்ல. ஆனால் சோவியத் யூனியனுக்கு 1952 வரை போர் இழப்பீடு கட்டிய நாட்டுக்கு, மேற்கோடு சேர்த்து உச்சரிக்கப்படுவதில் ஓர் ஆதாயம் இருந்தது.

கப்பலேறிய நாற்காலிகளில் பல தேக்கில் ஆனவை. டேனிஷ் கம்பெனி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலிருந்தே சயாம் காடுகளிலிருந்து தேக்கு கொண்டுவந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் ஒன்று: கோபன்ஹேகன் கடைக்காரர் வாயில் ‘டீக்’ என்று வந்த அந்தச் சொல் நம் பக்கத்துத் தேக்குதான், மலையாளக் கரையில் போர்த்துகீசியர் காதில் விழுந்து ஐரோப்பா போனது.

ஆனால் இந்த நாற்காலி யாருடையது? ஒரு தச்சர் நாள்கணக்கில் இழைக்கிற நாற்காலியைக் கூலிக்காரர் வாங்க முடியாது. வெக்னரின் நண்பர் மோகன்சன் அதற்கும் ஒரு விடை தேடியிருந்தார். டேனிஷ் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம் 1942இல் தொடங்கிய தளபாடப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, 1947இல் பீச் மரச் சட்டமும் காகிதக் கயிற்றுப் பின்னலுமாக ஒரு நாற்காலி செய்தார். ‘மக்கள் நாற்காலி’ என்றே பெயர். இது உண்மையாகவே சாதாரண வீடுகளுக்குப் போனது. கூட்டுறவுச் சங்கத்தின் வடிவமைப்புக்கூடம் 1968இல் மூடப்பட்டது. நாற்காலி மட்டும் இன்னொரு நிறுவனத்திடம் தொடர்கிறது. இன்று அதன் விலையைப் பார்த்தால் ‘மக்கள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் படிக்கவேண்டும்.

கழற்றிய கால்

மலிவு என்ற முடிச்சை அவிழ்த்தது கலைக்கழகம் அல்ல, ஒரு வியாபாரி. தெற்கு ஸ்வீடனில் இங்வார் காம்ப்ராட் 1943இல் பதினேழு வயதில் ஐகியாவைத் தொடங்கினார். 1948இல்தான் தளபாடம் விற்க ஆரம்பித்தார். 1956இல் அவர் ஊழியர் யில்லிஸ் லுண்ட்கிரேன் இலை வடிவில் ஒரு மூன்று கால் மேசையைக் காருக்குள் ஏற்ற முயன்று, முடியாமல், காலைக் கழற்றிவிட்டார் என்பது கம்பெனியின் பிறப்புக் கதை. கழற்றிச் சேர்க்கும் தளபாடத்தை ஸ்டாக்ஹோமின் ஒரு பெரிய அங்காடி 1940களிலேயே விற்றிருக்கிறது. ஆகவே கண்டுபிடிப்பு என்று சொல்லமுடியாது. கண்டுபிடித்தது கணக்கை. பெட்டி தட்டையானால் லாரியில் காற்றுக்கு வாடகை இல்லை. கடைசித் திருகாணியை வாங்குகிறவரே முடுக்கினால் தச்சருக்குக் கூலி இல்லை. விலை இறங்கியதும் ஸ்வீடனின் தளபாட வணிகம் அவரைப் புறக்கணித்தது, ஆலைகள் சரக்கு தர மறுத்தன. 1961இல் அவர் போலந்துக்குப் போய் அங்கே செய்விக்கத் தொடங்கினார். கோபன்ஹேகன் தச்சர் சங்கக் கண்காட்சி 1966இல் நின்றுபோனது.

பணக்காரர் வீட்டுக்கும் வழிதவறாமல், தச்சரையும் ஒழிக்காமல், தொழிலாளி மேசைக்கு நேராகப் போன பொருள் ஏதாவது உண்டா? என் கண்ணில் படுவது மறுபடியும் ஒரு தட்டு. போரில் பின்லாந்து தன் கிழக்குப் பகுதியான கரேலியாவை இழந்ததும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்து வந்தார்கள். சின்ன அடுக்ககங்கள், சின்ன அலமாரிகள். பன்னிரண்டு பேருக்கான விருந்து செட்டை எங்கே வைப்பது? ‘அரேபியா’ என்று பெயர்கொண்ட பின்லாந்துப் பீங்கான் ஆலையில் கய் ஃப்ராங்க் செட் என்ற வழக்கத்தையே உடைத்தார். 1953இல் கடைக்கு வந்த ‘கில்தா’ என்ற அவருடைய பாத்திர வரிசையில் பூவும் இல்லை, விளிம்பும் இல்லை. வட்டம், சதுரம், செவ்வகம், சில தனி நிறங்கள். ஆரம்பத்தில் பலருக்கு அது ஏழ்மையாகத்தான் தெரிந்தது. குளிர்பெட்டி இல்லாத வீடுகளுக்காக, குளிர்கால இரட்டை ஜன்னலின் இரு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கிற அளவில் பால் கூஜாவைச் செய்திருந்தார். அன்றாடப் பொருளில் வடிவமைத்தவர் பெயரைப் பொறிக்கவேண்டாம் என்று பிற்பாடு வாதாடியவரும் அவர்தான். எல்லாம் தனித்தனியாக விற்கப்பட்டன. வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால், கடைக்குப் போய் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.